அட்டையில் ஒரு வேகம், மேசையில் ஒரு வேகம்: ஹார்டு டிஸ்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சகம் ஒன்றில் கணினிகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. புது ஹார்டு டிஸ்க் வாங்கிய நண்பர்கள் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைப்பார்கள். "ஐந்நூறு என்று போட்டிருந்தது, நூறுதான் வருகிறது, திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?" பெரும்பாலும் இதுதான் முதல் வாக்கியம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கீழே மெகாபைட் கணக்கில் வேகம் சொல்லும் இடங்களிலெல்லாம் 'ஒரு நொடிக்கு' என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 5 ஜிகாபிட் என்று அச்சிட்டிருக்கிறது. எனக்கு 110 மெகாபைட்தான் கிடைக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 5 ஜிகாபிட் என்பது யூஎஸ்பி 3.0 என்ற குழாயின் அகலம். அந்தக் குழாய்க்குப் பின்னால் இருக்கும் டிஸ்க் எவ்வளவு தண்ணீர் இறைக்கும் என்பது வேறு கணக்கு. கணினிக்குள் பொருத்தும் டிஸ்க்கில் 'சாட்டா 6 ஜிகாபிட்' என்று போட்டிருப்பதும் இதே வகைதான். இன்று விற்கும் பெரிய 18 டெராபைட் டிஸ்க்குகூட, ஒரு தலைமுறைக்கு முந்தைய சாட்டா 2 பாதையின் 300 மெகாபைட்டை நிரப்புவதில்லை. விதிவிலக்கு உண்டு: சீகேட் நிறுவனம் ஒரே டிஸ்க்குக்குள் தனித்தனியாக நகர்ந்து தரவைப் படிக்கும் இரண்டு கைகளை வைத்துச் செய்த மாக்.2 வகை 500 மெகாபைட்டையும் தாண்டும். அது தரவு மையங்களுக்கான சரக்கு.

பிட்டை எட்டால் வகுத்தால் பைட். 5 ஜிகாபிட் என்றால் 625 மெகாபைட் வரவேண்டுமே?

இங்கே எட்டால் வகுக்கக் கூடாது, பத்தால் வகுக்க வேண்டும். யூஎஸ்பி 3.0, சாட்டா இரண்டிலும் ஒவ்வோர் எட்டு பிட்டும் கம்பியில் பத்து பிட்டாக மாறிப் போகிறது. வாங்கும் முனை தாளம் தப்பாமல் படிப்பதற்காகச் சேர்க்கும் கூடுதல் சுமை அது. அதனால் 5 ஜிகாபிட் 500 மெகாபைட்டாகவும், சாட்டாவின் 6 ஜிகாபிட் 600 மெகாபைட்டாகவும் சுருங்கிவிடும். அதற்கும் மேல் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு என்று போய்விடும். வேகமான எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளில் எழுதும் டிஸ்க்) ஒன்றைச் சாட்டாவில் பொருத்தினால் 550-ஐ ஒட்டி நின்றுவிடுவது இதனால்தான்.

பழைய யூஎஸ்பி 2.0-வில் 480 மெகாபிட் என்று எழுதியிருக்கும். கணக்குப்படி 60 மெகாபைட். கைக்கு வருவது 30 முதல் 40. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்படியானால் டிஸ்க்கின் சொந்த வேகம் எங்கே எழுதியிருக்கும்?

பெட்டியில் இருக்காது. தயாரிப்பாளர் வெளியிடும் தகவல் ஏட்டில் இருக்கும். மேசை மேல் விரித்துவைத்துக்கொண்டு படிக்க நல்ல எடுத்துக்காட்டு, சீகேட்டின் எக்ஸோஸ் எக்ஸ்18 என்ற 18 டெராபைட் டிஸ்க்கின் ஏடு. அதில் 'அதிகபட்சத் தொடர் வேகம், ஓடி: 270' என்று ஒரு வரி. அந்த 'ஓடி' ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. தமிழில் வாசித்தால் ஓடிக் களைத்தது போலத் தோன்றும். 'வெளி விட்டம்' என்பதன் சுருக்கம் அது. தட்டின் விளிம்பில் மட்டும் இந்த வேகம் என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதே ஏட்டில் சில வரி தள்ளி இன்னொரு எண் இருக்கிறது: சிதறிக் கிடக்கும் 4 கிலோபைட் துண்டுகளைப் படித்தால் நொடிக்கு 170 துண்டு. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.7 மெகாபைட். ஒரே டிஸ்க், ஒரே காகிதம், 270-உம் 0.7-உம். இரண்டும் நேர்மையான எண்கள். கடைக்காரர் எதைப் பெரிய எழுத்தில் போடுவார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வாங்கியபோது 180 வந்தது. இப்போது முக்கால் பங்கு நிறைந்திருக்கிறது, 100-ஐத் தாண்டவில்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. கோயில் திருவிழாவில் சுழலும் குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிவரிசைக் குதிரையும் உள்வரிசைக் குதிரையும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன, ஆனால் வெளியே இருப்பது கடக்கும் தூரம் அதிகம். டிஸ்க் தட்டிலும் அப்படியே. விளிம்பில் உள்ள தடம் நீளமானது, அதில் அதிக பிட்டுகளை அடுக்குகிறார்கள். தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் விளிம்பில் நிறையத் தரவு, படிக்கும் தலைக்கடியில் ஓடும், மையத்துக்கு அருகில் அதில் பாதிதான்.

டிஸ்க் பொதுவாக விளிம்பிலிருந்து உள்நோக்கி எண்ணிடப்படுகிறது. ஆகவே முதலில் போடும் கோப்புகளுக்கு நல்ல இடம் கிடைக்கிறது, கடைசியில் வருபவை உள்ளே ஒடுங்குகின்றன. விளிம்பில் 200 தரும் டிஸ்க் உள்ளே 100 தந்தால் அது இயல்பு. விமர்சகர்கள் காலி டிஸ்க்கைச் சோதித்து எழுதும் எண்கள் எல்லாமே விளிம்பின் எண்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு 2 ஜிகாபைட் வீடியோ கண் இமைக்கும் நேரத்தில் போகிறது. அதே 2 ஜிகாபைட்டுக்குச் சிறு படங்கள் என்றால் காலைக் காப்பி குடித்து முடித்தாலும் முடிவதில்லை. ஏன்?

என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க்குக்குள் சுழலும் தட்டு, அதன் மேல் நகரும் கை, கையின் நுனியில் தலை. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தலை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 8.5 மில்லிநொடி ஆகும். நகர்ந்த பிறகும் வேண்டிய இடம் சுற்றிக்கொண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி. ஆக, ஒவ்வொரு தாவலுக்கும் ஏறக்குறைய 12.7 மில்லிநொடி. நொடிக்கு எண்பது தாவலுக்கு மேல் முடியாது. (மேலே சொன்ன எக்ஸோஸ் 170 எட்டுவது, பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கையில் வாங்கிக்கொண்டு, வழியில் எது அருகில் இருக்கிறதோ அதை முதலில் முடிப்பதால். தபால்காரர் தெருவாரியாகக் கடிதங்களை அடுக்கிக்கொள்வது போல.)

இப்போது உங்கள் படங்கள். 2 ஜிகாபைட்டில் 100 கிலோபைட் அளவுள்ள 20,000 கோப்புகள் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்கில் ஒரு கோப்பை எழுதுவது என்றால் படத்தை மட்டும் எழுதுவது ஆகாது. பெயரைப் பட்டியலில் பதிய ஒரு தாவல், எந்த இடம் காலி என்ற குறிப்பைத் திருத்த ஒரு தாவல், படத்தை எழுத ஒரு தாவல். குத்துமதிப்பாகக் கோப்புக்கு மூன்று. 38 மில்லிநொடியை 20,000-ஆல் பெருக்கினால் 760 நொடி. தரவை மட்டும் 150 மெகாபைட் வேகத்தில் எழுத ஆகும் நேரமோ 13 நொடி. 13 நொடி வேலைக்கு 13 நிமிடம். கணினியின் தற்காலிக நினைவகம் பல தாவல்களைச் சேர்த்து முடித்துக் கொடுப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து மோப்பம் பிடித்தால் கூடவும் செய்யும்.

இதற்கு நான் செய்வது: சிறு கோப்புகள் எஸ்எஸ்டியில் இருந்தால், அங்கேயே அவற்றை ஒரே ஸிப் கோப்பாகக் கட்டி, பிறகு அந்த ஒன்றை மட்டும் அனுப்புவேன். படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் 'சுருக்க வேண்டாம், கட்டினால் போதும்' என்ற தேர்வைப் போட்டுக்கொள்ளலாம். நேரம் மிச்சமாகும்.

ஒரே டிஸ்க்குக்குள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்தால் பாதி வேகம்கூட இல்லையே?

தலை ஓரிடத்தில் படித்துவிட்டு, ஓடிப்போய் இன்னோரிடத்தில் எழுதிவிட்டு, மறுபடியும் திரும்பி வருகிறது. அதற்கு இருப்பது ஒரே கை.

தொடக்கத்தில் 400 மெகாபைட் காட்டுகிறது, பிறகு சறுக்கி 30-க்கு வருகிறது, சில நேரம் சுழியத்திலேயே நிற்கிறது. எது உண்மை?

400 உண்மையன்று. கணினி உங்கள் கோப்பை முதலில் தன் ரேம் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு 'எழுதியாயிற்று' என்று கையை விரித்துக் காட்டுகிறது. ரேம் நிறைந்ததும் டிஸ்க்கின் உண்மையான நடை வெளிப்படுகிறது. லினக்ஸில் பென் டிரைவுக்கு நகலெடுத்தவர்களுக்கு இது பழகிய நாடகம்: 100 விழுக்காடு முடிந்துவிட்டது என்று காட்டும், வெளியே எடுக்க முயன்றால் இன்னும் ஐந்து நிமிடம் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே செருகும் டிஸ்க்குகளுக்கு இப்படிக் கடன் வாங்கி எழுதும் வழக்கத்தை இயல்பில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். எண் சிறிதாகத் தெரியும், ஆனால் அவசரத்தில் பிடுங்கினால் இழப்பு குறைவு.

400 சரிந்து 150-இல் நிலைத்தால் கவலை வேண்டாம். 20, 30 என்று இறங்கி நொண்டினால் உங்களிடம் இருப்பது எஸ்எம்ஆர் டிஸ்க்காக இருக்கலாம்.

எஸ்எம்ஆர் என்றால் என்ன?

ஓட்டு வீட்டுக் கூரையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் ஓடும் அடுத்த ஓட்டின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்று உடைந்தால், அதன் மேல் ஏறியிருப்பவற்றையும் தூக்கிவிட்டுத்தான் மாற்ற முடியும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்களை இப்படித்தான் வேய்கிறார்கள். எழுதும் தலைக்கு அகலமான தடம் தேவை, படிக்கும் தலைக்குக் குறுகிய தடமே போதும். ஆகவே ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி எழுதி, அதே தட்டில் கூடுதல் தரவை அடைக்கிறார்கள். விலை குறைகிறது. ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் அந்தப் பட்டை முழுவதையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும்.

இந்தத் தொல்லையை மறைக்க, வழக்கமான முறையில் எழுதும் ஒரு பகுதியை ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் அங்கே கொட்டுகிறார்கள். நீங்கள் டிஸ்க்கைச் சும்மா விட்ட நேரத்தில் அது தானாகவே கூரையை வேய்ந்துகொள்ளும். ஐந்தாறு கோப்பு போடுபவருக்கு வித்தியாசமே தெரியாது. மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதுபவருக்கு ஒதுக்கிய பகுதி நிறைந்துவிடும், அந்த நேரத்தில் டிஸ்க் மூச்சு வாங்கும்.

இது தெரியாமல் விற்றதுதான் எனக்கு எரிச்சல். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை உள்ள சில மாதிரிகள் எஸ்எம்ஆர் என்பது வெளியே வந்தது. பல டிஸ்க்குகளை இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்ற வரிசை அது. ஒரு டிஸ்க் பழுதாகி, புதியதைப் போட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதும்போதுதான் எஸ்எம்ஆர் படுத்துக்கொள்ளும். சீகேட், தோஷிபா நிறுவனங்களும் தங்கள் மேசைக்கணினி வரிசைகள் சிலவற்றில் சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்தன. பிறகு வெஸ்டர்ன் டிஜிட்டல், வழக்கமான சிஎம்ஆர் முறையில் எழுதும் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பெயர் பிரித்து விற்கத் தொடங்கியது. வாங்கும் முன் மாதிரி எண்ணைப் பார்த்து, அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபாருங்கள். வீட்டுப் புகைப்படங்களை எழுதி அலமாரியில் வைப்பதற்கு எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் 35 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

35 என்ற எண்ணைக் கேட்டவுடன் நான் டிஸ்க்கைப் பார்க்க மாட்டேன், கேபிளைப் பார்ப்பேன். அது யூஎஸ்பி 2.0-வின் கையொப்பம்.

கையடக்க டிஸ்க்கின் பக்கவாட்டில் உள்ள அகலமான துளையை உற்றுப் பாருங்கள். இரண்டு அறைகளாக இருக்கும். பெரிய அறையின் வடிவம் பழைய கைப்பேசிகளின் மைக்ரோ யூஎஸ்பி துளை மாதிரியே இருக்கும். காரணம், அது அதுவேதான். பழைய கைப்பேசிக் கேபிள் அந்தப் பாதித் துளையில் அழகாகப் பொருந்தும், டிஸ்க்கும் வேலை செய்யும், 2.0 வேகத்தில். ஒளிப்படக் கலைஞர் நண்பர் ஒருவர், டிஸ்க்கோடு வந்த கேபிள் குட்டையாக இருக்கிறதென்று மேசை இழுப்பறையிலிருந்து நீளமான ஒன்றை எடுத்துச் செருகியிருந்தார். திருமண வீடியோக்கள் 400 ஜிகாபைட். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அவர் ஆறு மாதமாக டிஸ்க்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

கணினிப் பக்கத்திலும் பாருங்கள். யூஎஸ்பி 3 துளைகளின் உள்நாக்கு பெரும்பாலும் நீல நிறம். மடிக்கணினிகளில் இந்த வழக்கத்தை எல்லாரும் பின்பற்றுவதில்லை. இன்னொரு வேடிக்கை: செருகும்போது மெல்ல மெல்லத் தள்ளினால், முன்னால் உள்ள பழைய நான்கு தொடுமுனைகள் முதலில் பேசி முடித்துவிடும், பின்னால் உள்ள ஐந்தும் தாமதமாகத் தொட்டு, டிஸ்க் 2.0 ஆகவே நின்றுவிடுவதுண்டு. பிடுங்கி ஒரே தள்ளாகச் செருகிப் பாருங்கள்.

பெயர்களும் குழப்பும். யூஎஸ்பி 3.0, யூஎஸ்பி 3.1 ஜென் 1, யூஎஸ்பி 3.2 ஜென் 1 மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான். பெயருக்கு மட்டும் வேகம் கூடிக்கொண்டே போகிறது.

1 டெராபைட் வாங்கினேன், 931 ஜிகாபைட் காட்டுகிறது. வேகத்திலும் இப்படிக் குறையுமா?

குறைவதுபோலத் தெரியும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. எக்ஸோஸ் ஏட்டில் 270-க்குப் பக்கத்திலேயே 258 என்று எழுதியிருப்பது இதனால்தான். இந்த அளவு விவகாரத்துக்காக அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2006-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் 2007-இல் சீகேட்டும் சமரசம் செய்துகொண்டன. வேகத்தில் ஐந்து விழுக்காட்டுச் சங்கதி இது, பெரிதுபடுத்த வேண்டாம்.

5400 வாங்கலாமா, 7200 வாங்கலாமா?

5400-இல் அரைச் சுற்றுக் காத்திருப்பு 5.6 மில்லிநொடி, 7200-இல் 4.2. பேக்கப்புக்கு 5400 போதும். பல கோப்புகளைத் திறந்து வேலை செய்வதற்கு இரண்டுமே வேண்டாம், எஸ்எஸ்டி வாங்குங்கள்.

அந்த எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. 2020-இல் சில வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகள் '5400 வகுப்பு' என்ற பெயரில் 7200-இல் சுழல்வதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். எப்படி? டிஸ்க்கின் அருகில் மைக்கை வைத்து ரீங்காரத்தைப் பதிவு செய்தார்கள். 90 ஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் 120 வந்தது. 'வகுப்பு' என்பது செயல்திறனைக் குறிக்கும், சுழற்சியை அன்று என்பது நிறுவனத்தின் விளக்கம். சொல்லுக்கு இப்படியும் பொருள் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

எஸ்எஸ்டி வாங்கினால் இந்தத் தலைவலி தீருமா?

சிறு கோப்புத் தொல்லை பெரும்பாலும் தீரும், ஏனென்றால் நகர வேண்டிய கை அங்கே இல்லை. விளம்பர வேகத்தின் தந்திரம் தீராது. சாம்சங் 860 க்யூவிஓ என்ற 2018-ஆம் ஆண்டு எஸ்எஸ்டியின் 1 டெராபைட் மாதிரியில் எழுதும் வேகம் 520 மெகாபைட். ஆனால் அது முதல் 42 ஜிகாபைட் வரைக்கும்தான். ஒவ்வொரு நினைவக அறையிலும் ஒரே பிட் என்று அவசரமாகக் கொட்டிவைக்கும் பகுதி அதற்குள் நிறைந்துவிடும். பிறகு அறைக்கு நான்கு பிட் என்று பொறுமையாக எழுதும்போது வேகம் 80. நல்ல ஹார்டு டிஸ்க் அதை முந்திவிடும். சாம்சங் இந்த 80-ஐத் தன் ஏட்டிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாரும் அப்படி எழுதுவதில்லை.

நானே எப்படி அளப்பது?

கிரிஸ்டல்டிஸ்க்மார்க் போன்ற மென்பொருளில் முதல் வரி பெரிய தொடர் கோப்பின் வேகம், விளம்பர எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். கடைசி வரி 4 கிலோபைட் துண்டுகளின் வேகம். ஹார்டு டிஸ்க்கில் அது ஒற்றை மெகாபைட்டிலோ அதற்கும் கீழோ வரும், பதற வேண்டாம்.

எனக்கு இதைவிட நம்பிக்கையானது கடிகாரம். கணினியின் ரேமைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு பெரிய ஒரே கோப்பை எடுங்கள். 8 ஜிகாபைட் ரேம் என்றால் 20 ஜிகாபைட் கோப்பு. அது வேகமான எஸ்எஸ்டியில் இருக்கட்டும். நகலெடுக்கத் தொடங்கும்போது நேரம் குறியுங்கள். திரையில் முடிந்ததாகக் காட்டும்போது நிறுத்தாதீர்கள், டிஸ்க்கைப் பாதுகாப்பாக வெளியேற்றலாம் என்ற அனுமதி வரும்போது நிறுத்துங்கள். 20,000-ஐ நொடிகளால் வகுத்தால் உங்கள் மெகாபைட் கிடைத்துவிடும். கையடக்க டிஸ்க்குக்கு 100-ஐ ஒட்டி, மேசைக்கணினி 7200 டிஸ்க்குக்கு 150 முதல் 200 வந்தால் உங்கள் டிஸ்க் நலமாக இருக்கிறது.

முன்பு நன்றாக ஓடியது, இப்போது திடீரென்று மந்தமாகிவிட்டது. இடமும் நிறையக் காலியாக இருக்கிறது.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். 'மாற்றி ஒதுக்கிய பகுதிகள்', 'முடிவு செய்யாமல் நிற்கும் பகுதிகள்' என்ற இரண்டும் சுழியத்துக்கு மேலே போய், வாரத்துக்கு வாரம் கூடினால், டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று திணறுகிறது என்று பொருள். வேகச் சோதனை செய்துகொண்டிருக்காமல் தரவை வெளியே எடுங்கள். இணைப்புப் பிழைகளின் எண்ணிக்கை மட்டும் கூடினால் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும்.

அதிர்வும் காரணமாகலாம். 2008-இல் சன் நிறுவனப் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று உரக்கக் கத்திக் காட்டினார். கத்திய நொடியில் தாமத வரைபடம் எகிறியது. ஒலிபெருக்கியின் மேல் டிஸ்க்கை வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் கவனிக்க.

18 டெராபைட் டிஸ்க் முழுவதையும் நகலெடுக்க எவ்வளவு நேரமாகும்?

விளிம்பு வேகமான 270-இலேயே கடைசி வரை ஓடும் என்று நினைத்துக்கொண்டாலும் பதினெட்டரை மணி நேரம். உள்ளே போகப் போகக் குறையும் என்பதால் சராசரி 200 என்று வையுங்கள், 25 மணி நேரம்.

டிஸ்க்குகள் வேகமாகிக்கொண்டே வந்தும் இப்படி ஆகிவிட்டதற்குக் காரணம் உண்டு. பிட்டுகளை நெருக்கி அடுக்கும்போது தடத்தின் நீளவாக்கிலும் நெருக்குகிறார்கள், தடங்களையும் பக்கம் பக்கமாக நெருக்குகிறார்கள். கொள்ளளவுக்கு இரண்டும் உதவும். வேகத்துக்கு முதலாவது மட்டும்தான், ஏனென்றால் தலை ஒரு நேரத்தில் ஒரு தடத்தைத்தான் படிக்கிறது. தட்டு சுழலும் வேகமும் பல ஆண்டுகளாக அதே 7200-இல் நிற்கிறது.

1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக்தான் சந்தைக்கு வந்த முதல் ஹார்டு டிஸ்க். இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள், 50 லட்சம் எழுத்துகள், நொடிக்கு 8,800 எழுத்து வேகம். தலை நகரும் நேரத்தை ஒதுக்கிவிட்டால், அதில் இருந்த அத்தனையையும் பத்து நிமிடத்துக்குள் படித்து முடித்துவிடலாம். உங்கள் 18 டெராபைட்டை இன்று மாலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள், நாளை இரவு ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள்.